படிவம் மலையாளத்தில் இருக்கிறது, அப்பாவிடம் யார் சொல்வது?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. புனலூர் மரக்கடைகளில் முப்பது வருஷம் சுமை தூக்கியவர். வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உண்டு. போன வருஷம் வலது கன்னத்தில் புற்று என்று திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் செய்து தாடையில் ஒரு பகுதியை எடுத்தார்கள். அப்புறம் 30 நாள் கரண்ட் (ரேடியேஷன்) வைத்தார்கள். இப்போது கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, நுரையீரலிலும் புள்ளிகள் தெரிகின்றன. ஒரு ஊசியும் புதிய மாத்திரை ஒன்றும் சேர்த்துக் கொடுக்கிற ஆய்வில் சேரலாம் என்கிறார் டாக்டர். இம்யூனோதெரபி என்றார். படிவம் இருபது பக்கம், மலையாளத்தில் இருக்கிறது. எனக்குப் பேச வரும், படிக்க வராது. மச்சான் ‘எலி மாதிரி வெச்சுப் பார்ப்பாங்க’ என்கிறார். இன்னொரு சொந்தக்காரர், பாலக்காட்டுப் பக்கம் ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்கள், 3 லட்சம், நிச்சயம் குணமாகும் என்கிறார். கார்-டி என்று பேப்பரில் படித்தேனே, அது கிடைக்குமா? நான் லோடு வண்டி ஓட்டுகிறேன். வாரத்தில் நாலு ராத்திரி வீட்டில் இருக்க மாட்டேன், மனைவிதான் பார்த்துக்கொள்கிறாள். அப்பாவுக்குப் புற்று என்று இன்னும் சொல்லவில்லை, புண் என்றே சொல்லி வைத்திருக்கிறோம். ஆய்வில் சேர்க்கலாமா? உடம்பை வேறு எங்கேயாவது கெடுத்துவிடுமா? - ஒரு வாசகர், புளியரை

தம்பி,

இத்தனை விஷயங்களுக்கு நடுவே ‘அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை’ என்ற வரியில்தான் நான் நின்றேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் பெத்தாலஜி டாக்டர். நோயாளியின் முகத்தைவிட, அவர் உடம்பிலிருந்து வெட்டி அனுப்பிய சதைத் துண்டைத்தான் அதிகம் பார்த்தவள். ஓய்வு பெறும் முன் எட்டு வருஷம், ஆய்வுகளை அனுமதிக்கிற எத்திக்ஸ் கமிட்டி ஒன்றிலும் ஒரு மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தேன். ஆகவே இந்த மருந்தை எடுங்கள், எடுக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியவர் உங்கள் புற்றுநோய் டாக்டர்தான். அது உடம்புக்குள் என்ன செய்யும், அந்தப் படிவத்தில் என்ன இருக்க வேண்டும் என்ற இரண்டையும் நான் சொல்கிறேன்.

முதலில் ஊசி, அதாவது டாக்டர் சொன்ன இம்யூனோதெரபி. நம் ரத்தத்தில் லிம்ஃபோசைட் என்று ஒரு வகை வெள்ளை அணு உண்டு. கிருமி பிடித்த செல்லையும் கெட்டுப்போன செல்லையும் தேடிக் கொல்வது அதன் வேலை. அது அளவுக்கு மீறிப் போய் நம் உடம்பையே கடித்துவிடாமல் இருக்க, அதன் மேல் இயற்கையே சில பிரேக்குகளை வைத்திருக்கிறது. அதில் ஒன்றின் பெயர் பி.டி-1. புற்று தந்திரமானது. காவல்காரன் கிட்டே வந்ததும் இந்த பிரேக்கை மிதித்துவிடும். அவன் அப்படியே நின்றுவிடுவான். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற ஊசிகள் புற்றின் காலை அந்த பிரேக்கிலிருந்து எடுத்துவிடுகின்றன. இந்த வழியைத் திறந்துவிட்ட ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

எஸ் வளைவு இறக்கத்தில் லோடோடு வருகிறவருக்கு பிரேக் இல்லாத வண்டி என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊசியின் பலனும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. கீமோ என்றால் முடி கொட்டும், வாந்தி வரும், ரத்த அணு குறையும். எது எப்போது வரும் என்று ஓரளவு கணக்கு உண்டு. இதில் அந்தக் கணக்கு சரியாக வராது. அவிழ்த்துவிட்ட லிம்ஃபோசைட் புற்றுக்குள் போவது போலவே குடலுக்குள் போகலாம், தோலுக்குள், ஈரலுக்குள், நுரையீரலுக்குள் போகலாம். சிலருக்கு இரண்டாவது வாரத்தில் வரும், சிலருக்கு ஆறாவது மாதத்தில். ஊசியை நிறுத்தி மாதக்கணக்கான பிறகு வந்ததும் உண்டு. பலருக்கு ஒன்றுமே வராமலும் போகும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் என் மேசைக்குப் பெருங்குடல் துண்டு ஒன்று வந்தது. கூட வந்த சீட்டில் ‘மூன்று வாரமாக வயிற்றுப்போக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் குடலின் சின்னச் சின்னச் சுரப்பிக் குழாய்களுக்குள்ளே லிம்ஃபோசைட் புகுந்து கிடக்கிறது, செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக் கொண்டிருக்கின்றன. கிருமி எதுவும் இல்லை. நான் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடல் புண்ணாகும் வேறொரு நோய்) போலத் தெரிகிறது என்று எழுதப் போனேன். மனசு ஒப்பவில்லை. போன் போட்டுக் கேட்டால், நோயாளி வேறு ஊரில் இம்யூனோதெரபி ஊசி போட்டு இரண்டு மாதம் ஆகிறதாம். அதை யாரும் எழுதவில்லை. அந்த மூன்று வாரமும் அவர் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுப் போக்கை நிறுத்தி நிறுத்தி வைத்திருக்கிறார். உள்ளே குடல் உரிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஸ்டீராய்டு ஆரம்பித்த பிறகுதான் தேறினார். முதல் வாரத்திலேயே தெரிந்திருந்தால் அவ்வளவு அவதி வந்திருக்காது.

இதைச் சொல்லக் காரணம், இந்த ஊசியின் கெடுதல்கள் சாதாரண நோயின் வேஷத்தில் வரும் என்பதுதான். நுரையீரலில் வந்தால் வறட்டு இருமலும் படியேறினால் இளைப்பும். வயசான நெஞ்சு, மழைக்காலம் வேறு, சளிதான் என்று நினைத்துவிடுவீர்கள். இது நூற்றில் மூன்று முதல் ஐந்து பேருக்கு வருகிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்தால் தலைவலியும் தாளாத அசதியும். இதயத் தசையில் வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவுதான், வந்தால் உயிருக்கே ஆபத்து. படபடப்பு, நெஞ்சுவலி, மயக்கம் என்றால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

வைத்தியம் இல்லாமல் இல்லை. ஊசியை நிறுத்திவிட்டு, எடைக்கு ஏற்ற அளவில் ஸ்டீராய்டு கொடுத்து, நாலு முதல் ஆறு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். பெரும்பாலான உறுப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஹார்மோன் சுரப்பிகள் மட்டும் அப்படித் திரும்புவது அபூர்வம். அவற்றின் செல் போனால் போனதுதான். தைராய்டு கெட்டால் ஆயுள் முழுக்கக் காலையில் ஒரு மாத்திரை. அது பெரிய விஷயமில்லை என்று நான் சொல்வேன். ஆனால் உங்கள் அப்பா விஷயத்தில் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கழுத்துக்குக் கரண்ட் வைத்தவர்களுக்குத் தைராய்டு தானாகவே மெதுவாகக் குறையலாம். ஆகவே முதல் ஊசிக்கு முன்னாலேயே தைராய்டு டெஸ்ட் எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுக்காமல் போனால், பின்னால் ஒருநாள் அவர் சோர்ந்து படுக்கும்போது காரணம் ஊசியா, கரண்டா, நோயா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதேபோல மஞ்சள் காமாலை பி கிருமியும் பழைய டி.பி.யும் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிட வேண்டும். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுக்க நேர்ந்தால், உறங்கிக் கிடக்கும் டி.பி. எழுந்துவிடலாம்.

கரண்ட் வைத்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஆய்வுக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். அந்தத் தாடை எலும்புக்குப் போகும் சின்ன ரத்தக்குழாய்கள் சுருங்கிப் போயிருக்கும். பல் ஆடுகிறது என்று அவசரப்பட்டுச் செங்கோட்டையில் பிடுங்கிவிடாதீர்கள். அந்தப் பள்ளம் ஆறாமல் எலும்பே செத்துப்போன தாடைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஊசி போட்ட பிறகு கட்டி முதலில் பெரிதாகிவிட்டுத்தான் சுருங்கும் என்று சிலர் சொல்வார்கள். லிம்ஃபோசைட் கூட்டமாக உள்ளே போவதால் அப்படி ஆவது உண்மைதான். அப்படி வீங்கிய கட்டியை வெட்டிப் பார்த்தால் புற்று செல்லைவிட லிம்ஃபோசைட்தான் அதிகம் இருக்கும். ஆனால் வாய், தொண்டைப் புற்றில் இது அபூர்வம். கழுத்துக் கட்டி பெரிதாகிக்கொண்டே போனால் மருந்து வேலை செய்யவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். யாராவது ‘பொறுங்கள், பொறுங்கள்’ என்றால் எவ்வளவு நாள் என்று கேளுங்கள்.

அடுத்தது மாத்திரை. அது என்ன, ஆய்வு எந்தக் கட்டம் என்று நீங்கள் எழுதவில்லை. முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள். முதல் கட்டம் என்றால் எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்று பார்க்கிறார்கள். அங்கே அப்பாவுக்குக் குணம் கிடைத்தால் அது அதிர்ஷ்டம், ஆய்வின் நோக்கம் அது இல்லை. இரண்டாம் கட்டம் என்றால் கட்டி சுருங்குகிறதா என்று பார்க்கிறார்கள். மூன்றாம் கட்டத்தில் இப்போது இருக்கும் வைத்தியத்தோடு ஒப்பிடுவார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கும், டாக்டர் இல்லை. அப்பாவுக்குப் புதிய மாத்திரை விழாமலும் போகலாம். படிவத்தில் மாத்திரையின் பக்கவிளைவுப் பட்டியல் சின்னதாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். இதுவரை சாப்பிட்டவர்கள் குறைவு என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

ஆய்வில் சேராவிட்டால் வேறு என்ன இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, சொல்ல அவர்களுக்குக் கடமை உண்டு. இங்கே ஒரு நல்ல செய்தி, அதுவும் நம் ஊர்ச் செய்தி. மும்பை டாடா மெமோரியல் டாக்டர்கள் இதே வகைப் புற்றுநோயாளிகள் 151 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2023ல் வெளியானது. நிவோலுமாப் வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். அந்த விலை நம்மில் எத்தனை பேருக்குக் கட்டும்? அவர்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள், கூடவே வாயில் சாப்பிடும் விலை மலிந்த மூன்று மருந்துகள். அந்த மூன்று மருந்துகள் மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 16 பேர். கூடவே அந்தச் சிறிய ஊசியும் போட்டவர்களில் 43 பேர். நோய் இந்த இடத்துக்கு வந்தவர்களுக்கு இது சின்ன வித்தியாசமில்லை. ஆனால் மீதி 57 பேரையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும், தம்பி. அதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இந்த வழி அப்பாவுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.

கார்-டி பற்றி: நோயாளியின் சொந்த லிம்ஃபோசைட்டை வெளியே எடுத்து, புற்றைத் தாக்கும்படி மாற்றித் திருப்பி ஏற்றுவதுதான் அது. பேப்பரில் நீங்கள் படித்தது ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 ஆகத்தான் இருக்கும். அனுமதி 2023 அக்டோபரில் கிடைத்தது. அது பி-செல் வகை ரத்தப் புற்றுக்கும் நிணநீர்ப் புற்றுக்கும் உள்ளது. கன்னத்துப் புற்றுக்கு இல்லை.

ஸ்டெம் செல் ஊசிக்காரரிடம் போக வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி ரத்தம், எலும்பு மஜ்ஜை சம்பந்தப்பட்ட நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தவிர மற்ற எல்லா ஸ்டெம் செல் வேலையும் ஆய்வாக மட்டுமே நடக்கலாம், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ‘புது சிகிச்சை’ என்று சொல்லி 3 லட்சம் கேட்டு, ‘நிச்சயம்’ என்ற வார்த்தையையும் சேர்த்தால் அது வியாபாரம். வீட்டை அடமானம் வைத்து அங்கே போன இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும், அதற்கு மேல் இதைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

உங்கள் மச்சான் சொன்ன எலிக் கதையைத் தள்ளிவிட முடியாது. 1999-2000ல் அதே திருவனந்தபுரத்தில் வாய்ப்புற்று நோயாளிகள் 26 பேரின் கட்டியில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஒருவர் உருவாக்கிய மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். முறையான அனுமதி இல்லை, ஒப்புதல் வாங்கிய விதமும் சரியில்லை என்று 2001ல் அந்தப் பல்கலைக்கழகமே விசாரித்துச் சொன்னது. அந்த ஊர்ப் பேச்சில் அது இன்னும் இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு சட்டம் நிறைய மாறியிருக்கிறது. 2009லிருந்து ஒவ்வொரு மருந்து ஆய்வையும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் முன்பே பதிய வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, போனிலேயே தேடிப் பார்க்கலாம். 2019ல் வந்த மருந்து ஆய்வு விதிகளின்படி ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச வைத்தியம் உண்டு, ஆய்வுதான் காரணம் என்று தெரிந்தால் நஷ்டஈடும் உண்டு. எந்த நேரமும் விலகலாம், விலகினால் வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. ஆய்வை அனுமதிக்கும் கமிட்டியில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், அதில் டாக்டர் அல்லாத சாதாரண மனிதர் ஒருவரும் உண்டு. எங்கள் கமிட்டியில் அது ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர். நாங்கள் டோஸ், மருந்து அளவு என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம். அவர் ஒவ்வொரு படிவத்தையும் திருப்பிக் கடைசிப் பக்கத்துக்குப் போய், ‘இந்த நம்பருக்கு ராத்திரி ரெண்டு மணிக்குப் போட்டா யார் எடுப்பாங்க?’ என்று கேட்பார். ஒரு தடவை கூட்டத்திலேயே போட்டுப் பார்த்தார். ஆஸ்பத்திரி வரவேற்பறையில் எடுத்தார்கள், அவர்களுக்கு அப்படி ஒரு ஆய்வு நடப்பதே தெரியவில்லை. அந்தப் படிவத்தைத் திருப்பி அனுப்பினோம்.

உங்களுக்கும் அந்தக் கேள்விதான் பெரிது. புளியரையிலிருந்து திருவனந்தபுரம் சுமார் நூறு கிலோமீட்டர், பாதி மலைப்பாதை. ராத்திரி 108ஐக் கூப்பிட்டால் பக்கத்து அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோவார்கள். அங்கே டூட்டியில் இருக்கும் டாக்டருக்கு இவர் என்ன ஊசியில் இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? ஆய்வுக் குழுவிடம் மருந்தின் பெயர், வகை, அவசர போன் நம்பர் எல்லாம் போட்ட அட்டை ஒன்று வாங்கி அப்பாவின் சட்டைப் பையில் வையுங்கள். அதில் ஒரு பிரதி வீட்டுச் சுவரிலும் இருக்கட்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும், விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கி, ஊசிக்கு முன்னால் அவருக்கு வழக்கமாக எவ்வளவு காட்டுகிறது என்று குறித்து வையுங்கள். நாட்டு மருந்து, லேகியம் எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். போக்குவரத்துச் செலவு கொடுப்பார்களா, துணைக்கு வருகிறவருக்கும் சேர்த்தா என்றும் கேளுங்கள். உங்கள் ரேஷன் கார்டு தமிழ்நாட்டு கார்டு, அங்கே கேரளக்காரர்களுக்குக் கிடைக்கிற அரசு உதவி உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம்.

படிவம் நோயாளிக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்பது விதி. செங்கோட்டை 1956 வரை முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர், தாத்தா காலத்து ஆட்கள் மலையாளமும் படித்திருப்பார்கள். அதை நம்பி இப்போது கையெழுத்துப் போட முடியாது. தமிழ்ப் படிவம் வேண்டும் என்று கேளுங்கள். கமிட்டி அனுமதித்த மொழிபெயர்ப்பு தேவை என்பதால் சில நாள் ஆகலாம். நர்ஸ் பக்கத்தில் நின்று வாயால் சொல்லிவிட்டால் போதாதா என்று நினைக்காதீர்கள். ‘பனி வந்தால் உடனே கூப்பிடணும்’ என்பார். அங்கே பனி என்றால் காய்ச்சல். வண்டி ஓட்டிப் பழகிய உங்களுக்குத் தெரியும். எல்லையோடு பழக்கமே இல்லாத யாராவது வீட்டில் இருந்தால், மார்கழிப் பனியை நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். அதனால்தான் சொல்கிறேன், படிவம் விளக்குகிற அன்றைக்கு உங்கள் மனைவி அங்கே இருக்க வேண்டும். வாரத்தில் நாலு ராத்திரி அந்த இருமலைக் கேட்கப் போகிறவர் அவர்தான். கேள்விகளும் அவரே கேட்கட்டும். படிவத்தில் அப்பாவின் வருமானம், நாமினி பெயர் எல்லாம் கேட்பார்கள். பயப்பட வேண்டாம், அது வழக்கம். கையெழுத்தான படிவத்தில் ஒரு பிரதி உங்களுக்குத் தர வேண்டும், வாங்காமல் வராதீர்கள்.

இனி அப்பா. கையெழுத்து அவருடையது. நீங்கள் போட முடியாது. படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி முன்னால் முழுசாக வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்குவார்கள். முதல் பக்கத்திலேயே புற்று என்று இருக்கும். புண் என்று சொல்லி வைத்துக்கொண்டு ஒருவரைப் புற்றுநோய் ஆய்வில் சேர்க்க எந்தக் கமிட்டியும் ஒப்பாது, நான் இருந்திருந்தால் நானும் ஒப்பியிருக்க மாட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன். தாடையில் ஒரு பகுதியை எடுத்து, 30 நாள் கரண்ட் ரூமுக்கு வெளியே மற்றவர்களோடு உட்கார்ந்திருந்த மனிதருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? உங்களுக்காக அவர் தெரியாதது போல இருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

அவர் வேண்டாம் என்றும் சொல்லலாம். மலை ஏறி இறங்க முடியவில்லை, ஊசி போதும் என்று சொன்னால் அதையும் கேட்க வேண்டும். அப்போதும் வைத்தியம் உண்டு. வலிக்கு மார்ஃபின் உண்டு, புண்ணுக்குப் பராமரிப்பு உண்டு. இந்த விஷயத்தில் கேரளம் நாட்டுக்கே முன்னோடி. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003ல் தொடங்கிய, வலி தணிக்கும் சிகிச்சைக்கான பாலியம் இந்தியா என்ற அமைப்பு இருப்பதும் திருவனந்தபுரத்தில்தான்.

அடுத்த செக்கப்புக்கு முந்தின ராத்திரி பேசாதீர்கள். லோடு இல்லாத ஒரு நாள் பகலில், அவர் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். ‘அப்பா, கழுத்துல வந்திருக்கிறதப் பத்தி டாக்டர் சொன்னத நான் முழுசா உங்ககிட்ட சொல்லல. சொல்லட்டுமா?’ என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்கிற வரைக்கும் பேசாமல் இருங்கள்.